மடக்குச் சைக்கிளும் கிரவல் பாதையும்

மடக்குக் கத்தி, மடக்குக் கதிரை, மடக்குக் கட்டில் என்பனவெல்லாம் நம் வீடுகளில் நெடுங்காலமாகப் பழகியவை. ஆயினும் அவற்றுக்கும் மடக்குச் சைக்கிளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கதிரையின் பிணைச்சல் தளர்ந்தால் இருப்பவர் நிலத்தில் விழுவார், வீட்டார் சிரிப்பார்கள். மேடும் பள்ளமுமான பாதையில் ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளின் பிணைச்சல் தளர்ந்தால் அங்கே சிரிப்புக்கு இடமில்லை. ஆதலால் இந்த வண்டியைப் பற்றிப் பேசப் புகுபவர் முதலில் பாதையைப் பற்றிப் பேசவேண்டும். மடிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இதனை எழுதத் தூண்டியது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் கேள்வி. அவருடைய தந்தையார் வன்னியில் கடமை புரிபவர். பஸ்ஸை விட்டு இறங்கியபின் ஐந்து கிலோமீற்றர் தூரம் கிரவல் பாதையிற் செல்லவேண்டும். நடந்தால் நேரம் போகிறது. முச்சக்கர வண்டி பிடித்தால் சம்பளம் போகிறது. முழுச் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் இணங்குவதில்லை. “கரடுமுரடான பாதைக்கென்றே செய்த மடக்குச் சைக்கிள்கள் உண்டாமே, சேர், சேர்த்து வைத்திருக்கும் காசில் அப்பாவுக்கு ஒன்று வாங்கலாமா?” என்று அவர் கேட்டார். வண்டி விலை குறைந்ததன்று. பிள்ளையின் சேமிப்போ பெரியதன்று. எனவே விஷயத்தைச் சற்று அடியிலிருந்தே பார்ப்போம்.

கல்லும் குழியுமான பாதை விரும்புவது பெரிய சில்லை. மடிப்பு விரும்புவது சிறிய சில்லை. இந்த வழக்குத்தான் மடக்குச் சைக்கிளின் வரலாறு முழுவதும் நடக்கிறது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைத் தாங்களே கணித்துப் பார்க்கலாம். 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு கல்லின் முன் சில்லை நிறுத்தி, அச்சிலே கிடையாகத் தள்ளி மேலே ஏற்ற வேண்டும் என்று கொள்க. 16 அங்குலச் சில்லாயின், அதன் மீதுள்ள பாரத்தின் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு விசை வேண்டும். அகன்ற ரயர் பூட்டிய 20 அங்குலச் சில்லாயின் 75 பங்கு. 26 அங்குலச் சில்லாயின் 62 பங்கு. நம் ஊரில் நெல் மூட்டையும் விறகும் சுமக்கும் 28 அங்குலச் சைக்கிளுக்கு 60 பங்கு போதும். வேகமும் ரயரின் நெகிழ்ச்சியும் சேரும்போது கணக்கு மாறும். ஆயினும் வரிசை மாறாது. அந்தப் பழைய பெரிய சைக்கிளை ‘மாட்டு வண்டி’ என்று இளைஞர்கள் ஏளனஞ் செய்வதுண்டு. கிரவலில் அதனோடு போட்டியிட்டுப் பார்த்தால் ஏளனம் அடங்கும்.

மடக்குச் சைக்கிளை நகரத்துக் கனவான்கள் கண்டுபிடித்தார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். கரடுமுரடான நிலத்துக்காக அதனை முனைந்து செய்வித்தவர்கள் போர்வீரர்கள். சாலை உள்ள இடத்தில் ஓட்டிச் செல்லவும், சாலை முடிந்த இடத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கவும் தக்க வண்டியையே அவர்கள் வேண்டினர். 1890களில் பிரெஞ்சுக் காலாட்படைத் தலைவர் ஜெரார் என்பவர் அத்தகைய வண்டி ஒன்றை அமைத்தார். 1912இல் இத்தாலியில் பியாங்கி நிறுவனம் பெர்சாலியேரிப் படையினருக்கென மடியும் சைக்கிளைச் செய்தது. அதில் அதிர்ச்சியைத் தாங்க வில்லமைப்பும் இருந்தது. இன்று ‘மலைச் சைக்கிள்’ என்று விளம்பரஞ் செய்யப்படும் வண்டிகளின் வில்லைப் பார்த்து வியப்பவர்கள் இந்த ஆண்டை நினைவிற் கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது பிரித்தானிய பி. எஸ். ஏ. நிறுவனத்தின் வான்படைச் சைக்கிள். 1942 முதல் 1945 வரை அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. நிறை 32 இறாத்தல், அஃதாவது பதினாலரைக் கிலோ. சட்டத்தின் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இடங்களில் பிணைச்சல்; ஒவ்வொன்றையும் இறுக்குவது கையால் திருகத்தக்க ஒரு சிறகுச் சுரை. மிதிகட்டைகள் கூட உள்ளே தள்ளி ஒடுக்கத்தக்கவை. வானத்திலிருந்து பரசூட்டில் இறக்கும்போது கைபிடியும் இருக்கையும் கீழ்நோக்கி வருமாறு கட்டுவார்களாம். நிலத்தில் மோதும்போது அவை வளைந்தாலும் வளையட்டும், சில்லு வளையலாகாது என்பது கருத்து. 1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய கனடியப் படையினர் சிலர் இந்தச் சைக்கிளைத் தோளில் வைத்துத் தண்ணீரிலிருந்து ஏறிவரும் படங்களை இன்றும் காணலாம். கவனிக்கத்தக்கது யாதெனில், அதன் சில்லுகள் சிறியவை அல்ல. சாதாரண பெரிய சில்லுகளே. போர்முனைக்குப் போகும் வண்டியின் சில்லைச் சுருக்க எவரும் துணியவில்லை.

சில்லு சுருங்கியது சமாதான காலத்தில். 1962இல் அலெக்ஸ் மோல்ரன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், இறப்பர் அதிர்வுதாங்கிகளோடு 16 அங்குலச் சில்லுச் சைக்கிளை வெளியிட்டார். மினிக் காரின் இறப்பர் அதிர்வுதாங்கியை வகுத்தவரும் அவரே. அவருடைய வண்டி மடியாதது. எனினும் சிறிய சில்லும் நன்றாக ஓடும் என்று காட்டியது. 1970களில் அன்ட்ரூ ரிச்சி அமைத்த பிரொம்ரன் அந்தச் சிறிய சில்லை மடிப்போடு இணைத்தது. இலண்டனில் புகையிரதத்தால் இறங்கிக் கந்தோருக்குச் செல்பவருக்கு அதனினும் சிறந்த வண்டி இல்லை எனலாம். அங்கே பாதை வழுவழுப்பானது. அலுவலக மேசைக்குக் கீழே இடம் குறைவு. அந்த வண்டியைக் கிரவலில் விட்டு ‘நன்றாய் இல்லை’ என்று குறை கூறுவது, வேட்டியோடு வயலில் இறங்கிவிட்டு வேட்டியை நோவது போன்றதாகும். அதே நிறுவனம் 2024இல் 20 அங்குலச் சில்லும் அகன்ற ரயரும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டுப் பிறேக்கும் கொண்ட வேறொரு வண்டியை வெளியிட்டது. பாதை தன் பங்கைக் கேட்டு வாங்கிவிட்டது.

அமெரிக்காவில் மொன்ரேகு என்னும் தந்தையும் மகனும் வேறு வழியிற் சென்றனர். சில்லை அவர்கள் தொடவில்லை. பிணைச்சலின் இடத்தையே மாற்றினர். நடுக்குழாயை அறுத்துப் பிணைச்சல் வைப்பதற்குப் பதிலாக, இருக்கைத் தண்டு இறங்கும் செங்குத்துக் குழாயையே சுழலும் அச்சாக ஆக்கினர். முன்சில்லைக் கழற்றி, சட்டத்தை அந்த அச்சிலே திருப்பிவிட்டால் வண்டி பாதியாகும். 1997இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் உதவிப் பணத்தோடு பரசூட் வீரருக்கான சைக்கிளை இம்முறையில் அமைத்தனர். பெரிய சில்லு, முழு வலிமை, நிறை ஏறக்குறைய 13 கிலோ. குறை என்ன? மடித்தபின்னும் அது சிறியதன்று. காரின் பின்பெட்டியில் வைக்கலாம்; நெரிசலான பஸ்ஸில் மடியில் வைக்க இயலாது.

இனிப் பிணைச்சலைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான மடக்குச் சைக்கிள்களில் இரண்டு பிணைச்சல்கள் உண்டு. நடுச்சட்டத்தில் ஒன்று; கைபிடித் தண்டின் அடியில் மற்றொன்று. எல்லோரும் அஞ்சுவது நடுவிலுள்ளதற்கு. நான் அஞ்சுவது கைபிடித் தண்டிலுள்ளதற்கு. சிறிய சில்லின்மேல் நிற்கும் அந்தத் தண்டு நீளமானது. மேட்டில் மிதிக்கும்போது கைபிடியை நாம் இழுக்கிறோம். அந்த நீளம் நெம்புகோலாகி முழு இழுப்பையும் அடிப்பிணைச்சலில் சேர்க்கிறது. நடுச்சட்டம் ஒடிய முன் பெரும்பாலும் முனகும், ஆடும். கைபிடி கழன்றால் வண்டியைத் திருப்பும் வழியே இல்லாமற் போகும். மேல்நாடுகளில் இத்தகைய குறை கண்டு, விற்ற வண்டிகளை உற்பத்தியாளர் திருப்பியழைத்த சந்தர்ப்பங்களும் உண்டு.

ஆகவே வாங்குமுன் இப்படிச் சோதிக்க. வண்டியை விரித்து நிறுத்தி, முன்பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டுக. ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டால் எங்கே கேட்கிறது என்று விரலை வைத்துப் பார்க்க. பூட்டு நெம்பு கையால் மூடத்தக்கதாய், ஆனால் உள்ளங்கையில் தடம் பதியுமளவுக்கு இறுக்கமாய் இருத்தல் வேண்டும். நெம்பு தானாகத் திறவாதபடி இரண்டாவது தடுப்பு ஒன்று இருக்கிறதா என்பதையும் நோக்குக. அது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பிணைச்சலின் ஒட்டுவாயருகே வர்ணத்தில் மயிரிழை போன்ற கீறல் தென்பட்டால் அது வர்ணத்தின் கீறலன்று என்றே கொள்க. கிரவற் புழுதி பிணைச்சலுக்குள் அரத்தூள் போல வேலை செய்யும். வாரம் ஒருமுறை துடைத்தல் வேண்டும். கரியர் நிறையப் புத்தகம் ஏற்றுபவர் இருமுறை துடைக்க.

என்னிடம் உள்ளது 20 அங்குலச் சில்லு வண்டி. ரயரின் அகலம் இரண்டங்குலம். றிம்மில் ரயர் அமரும் விட்டம் 406 மில்லிமீற்றர். இந்த எண்ணுக்காகவே அதனைத் தேர்ந்தேன். சிறுவர் சைக்கிள்கள் பலவற்றுக்கும் இதுவே அளவாகையால், சிற்றூர்க் கடையிலும் ரயரும் ரியூப்பும் கிடைக்கும். 16 அங்குல மடக்கு வண்டிகள் பலவற்றின் அளவு 349. அதற்கு ரயர் தேடிக் கொழும்புக்கு எழுதவேண்டி நேரும். அகன்ற ரயரில் காற்றைக் கல்லுப்போல் அடைத்தல் கூடாது. சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அளவில் விட்டால் சிறு கற்களை ரயரே விழுங்கிவிடும். மணல் மட்டும் வேறு சங்கதி. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணலில் எந்த ரயரும் எனக்கு உதவியதில்லை. இறங்கித் தள்ளுவதே அங்கு சாத்திரம்.

பிரயாணத்தில் நான் கண்ட ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மடித்த வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் கண்ணுக்கு அது சைக்கிள். தடித்த துணியில் தைத்த உறையிலிட்டு ஏறினால் அது பொதி. சைக்கிளுக்கு இடமில்லை என்பவர், பொதியைச் சாரதிக்குப் பின்னால் வைக்கும்படி தாமே வழிகாட்டுகிறார். உறைக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. புகையிரதத்தில் இத்தொல்லை குறைவு. ஆனால் 13 கிலோவை மேடைப் படிகளில் ஏற்றி இறக்கும்போது, அது சைக்கிள் அன்று, கட்டுக்கடங்காத ஆட்டுக்கடா என்று தோன்றும். உறையில் தோள்வார் இருக்கட்டும்.

மாணவரின் கேள்விக்கு என் அபிப்பிராயம் இதுதான். தந்தையார் நாள்தோறும் செல்வது ஒரே பஸ், ஒரே சந்தி, ஒரே ஐந்து கிலோமீற்றர். அப்படியாயின் மடக்குச் சைக்கிள் வேண்டாம். பழைய 28 அங்குலச் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சந்திக் கடையில் நிறுத்தி, கடைக்காரருக்கு மாதம் ஏதும் கொடுத்துவிடலாம். செலவில் சிறு பங்கே ஆகும். கிரவலில் முழங்காலுக்கும் முதுகுக்கும் அதுவே இதம். மலாயாவில் உத்தியோகம் பார்த்த பெரியோர் உள்ள குடும்பங்கள் ஒரு செய்தி அறிந்திருக்கும். 1941 டிசெம்பரில் அங்கு இறங்கிய ஜப்பானியப் படை, சாதாரண சைக்கிள்களில் ஏறியே தீபகற்பத்தைக் கடந்து 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தது. ஊர்தோறும் கிடைத்த சைக்கிள்களைப் பறித்துக்கொண்டார்கள். ரயர் போனபின் றிம்மிலேயே ஓட்டினார்கள். பறித்தது அநியாயம். ஆனால் வேண்டிய இடத்தில் வேண்டிய வண்டி இருக்குமாயின் அதனை மடித்துச் சுமக்க வேண்டியதில்லை என்பது அதிலிருந்து விளங்கும்.

தந்தையார் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிராமத்துக்குச் செல்லும் கடமையில் இருந்தால் என் பதில் வேறு. அப்பொழுது 20 அங்குலச் சில்லு, அகன்ற ரயர், நம்பத்தக்க பூட்டு உள்ள வண்டியை வாங்குக. புதியது எட்டாவிடில் பழையதாயினும் பிணைச்சலைச் சோதித்து வாங்குக. கியர் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவர முன்வருவதும் உண்டு. விமானக் கம்பனிகள் பல, ஒரு பொதியின் நீள அகல உயரங்களைக் கூட்டி 158 சென்ரிமீற்றரும், நிறை 23 கிலோவும் எல்லையாக வைத்திருக்கின்றன. 20 அங்குல வண்டி சிறிது கழற்றினால் இந்த எல்லைக்குள் அடங்குவதுண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1992இல் தோன்றிய பைக் பிறைடே நிறுவனம் சூட்கேசுக்குள் வைத்துச் செல்லத்தக்க வண்டிகளாலேயே பெயரெடுத்தது. பெரிய சில்லு வண்டி அடங்காது. ஆகாயத்தில் ரயர் வெடிக்கும் என்ற அச்சம் வீண். பொதியறையிலும் காற்றழுத்தம் பேணப்படுவதால், ரயருக்குள் கூடுவது சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் மாத்திரமே. ஆயினும் சில கம்பனிகள் காற்றை இறக்கும்படி கேட்கும், இறக்கிவிடுக. சில்லுக் கழற்றிய கவையின் இரு காலுக்குமிடையே ஒரு மரத்துண்டைச் செருகிக் கட்டினால் பாரம் ஏறினும் கவை நசுங்காது.

மிதிகட்டைகளைக் கழற்றும்போது கவனிக்க: வலப்பக்கத்து மரை வழக்கமானது, இடப்பக்கத்து மரை எதிர்மாறானது. 15 மில்லிமீற்றர்ச் சாவியை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அதன் தலையைப் பின்சில்லுப் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் கழலும். திரும்பப் பூட்டும்போது மரையில் ஒரு துளி கிறீஸ் தடவுக.