வெடித்த நட்சத்திரத்துக்கு நடுவே ஒரு புள்ளி!

உங்கள் போனில் 'காசியோப்பியா ஏ' என்று தேடிப் பாருங்கள். மழையில் கலைந்த வண்ணக் கோலம் போல ஒரு படம் வரும். வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம் அது. நிறங்கள் மட்டும் நாம் சேர்த்தவை. கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர்களைப் பிரித்துக் காட்டப் பூசியிருக்கிறார்கள்.

இருப்பது சுமார் 11,000 ஒளி ஆண்டுகள் தூரத்தில். வெடித்தபோது கிளம்பிய வெளிச்சம் பூமியைத் தொட்டே சுமார் 340 வருடங்கள் ஆகிவிட்டன. சிதறல் இன்னும் விரிந்துகொண்டேதான் போகிறது. அதில் இருக்கும் இரும்பு மட்டும் பூமியைப் போல் 70,000 மடங்கு எடை!

இப்போது படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி நடுவில் தேடுங்கள். சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறதா? நட்சத்திரத்தின் மையம் நொறுங்கி மிஞ்சியது அது. சூரியனைவிட அதிக எடை. குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர்தான். நியூட்ரான் நட்சத்திரம் என்பார்கள். 1999 ஆகஸ்ட்டில் 'சந்திரா' விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படம் வெளியாகும்வரை, இந்தப் புள்ளியை யாருமே பார்த்ததில்லை.

சந்திரா என்றால் நிலா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்றது அந்தக் கணக்கு. இன்றைய மதிப்பில் அது சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் தாங்காது, உள்ளே சரிந்துவிடும்.

1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய தலை, எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். 24 வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! நோபல் பரிசு வந்தது 1983-ல்.

காசியோப்பியா ஏ-யில் நடந்ததும் அதே சரிவுதான். இரும்பு மையம் எல்லையைத் தாண்டியது, நொறுங்கியது. அந்தப் புள்ளியை சந்திரசேகர் பார்க்கவில்லை. 1995-லேயே மறைந்துவிட்டார்.

ஐந்து வருடம் உழைக்கும் என்று அனுப்பப்பட்ட சந்திரா, 25 வருடங்களைத் தாண்டியும் ஓடுகிறது. அதற்கான நிதியைப் பெருமளவு வெட்ட 2024-ல் நாசா முன்மொழிந்தபோது, வானியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வாங்கி, கடிதம் எழுதி, சண்டை போட்டார்கள்.