ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள்

காலையில் பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் லேசான சிவப்பு. உடனே பலர் செய்வது என்ன? பிரஷ்ஷை ஓரங்கட்டிவிட்டு, ஈறுக்கு நாலு நாள் ஓய்வு கொடுப்பது. இதைவிடத் தவறான வைத்தியம் இருக்க முடியாது.

பெரும்பாலும் ரத்தக் கசிவுக்குக் காரணம் பிரஷ் அல்ல. ஈறு ஓரத்தில் தினமும் படியும் வழவழப்பான கிருமிப் படலம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹெரால்ட் லோவும் சக ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நல்ல ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி. மறுபடி துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது.

அலட்சியப்படுத்தினால் படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. அதை அகற்ற பிரஷ் போதாது, பல் மருத்துவர் வேண்டும். நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. சர்க்கரை நோயாளிகளுக்கும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், புகையிலையாலேயே பல் துலக்குபவர்களும் இந்தியாவில் உண்டு. மகாராஷ்டிரத்தின் மிஷ்ரி, ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளின் குடாக்கு எல்லாம் புகையிலைதான். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. பழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. செங்கல் பொடி, கரி போன்றவையும் நல்லதல்ல. பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை. பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவுகளாக 2 நிமிடம். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. இரவில் தவறவே கூடாது: தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பல் இடுக்குகளில் பிரஷ் நுழையாது. அங்கே பல் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தேவை. 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள். நார்கள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

இப்படி ஒழுங்காக இரண்டு வாரம் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லையா? பற்பசையை மாற்றிப் பயனில்லை. பல் மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளர்கிறது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.