கரண்ட் திரும்பி வரும் நேரம்

ஜவ்வாது மலையில் காற்றும் மழையும் சேர்ந்தால் கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன ஐப்பசியில் ஜமுனாமரத்தூரில் பலாப்பலகை ஒன்றை ஜிக்ஸாவால் வளைத்து அறுத்துக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றது. மெஷினைப் பலகை மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். விரல் வலிக்கிறதே என்று சுவிட்சின் லாக் பட்டனை அமுக்கியிருந்தது நினைவிலேயே இல்லை.

கரண்ட் வந்தது. ஆளில்லாத பட்டறையில் மெஷின் தானாக ஓடி, துள்ளி, கீழே விழுந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஓடினால், பிளேடு மண்தரையைக் கொத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை தினமும் உட்கார்ந்து மஞ்சள் மரத்தூளை அள்ளி விளையாடும் இடம் அது. அன்றைக்கு மழை என்பதால் வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான், காவலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் அக்கா மகனுக்கு மரக்குதிரை செய்ய ஜிக்ஸா வாங்கப்போவதாகச் சொன்னதும், ஒரு மதியம் முழுக்க அவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

1940-களில் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்பவர் தையல் மெஷினின் ஊசியைக் கழற்றி, அந்த இடத்தில் ரம்பத் தகட்டைப் பொருத்திப் பார்த்ததில் பிறந்தது ஜிக்ஸா என்பார்கள். ஊசி போலவே மேலும் கீழும் போகும். தையல் மெஷினில் ஊசி துணிக்குள் இறங்குவது கண்முன் தெரியும். இதில் பிளேடின் நுனி பலகைக்கு அடியில், நாம் பார்க்காத பக்கத்தில் வெளியே வரும். பலகையைத் தாங்கும் இடது கை, முட்டி, லுங்கி நுனி, ஒயர் எல்லாம் இருப்பது அந்தப் பக்கம்தான். ஆகவே பலகையைக் கையால் பிடிக்கவே கூடாது. கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் முதுகுப் பக்கம் போய்விடும்.

பிளேடு மாட்டுவதும் கழற்றுவதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே. அறுத்த சூட்டில் தொட்டால் விரல் பொத்துவிடும். பற்கள் மேல்நோக்கி இருப்பதால் சிராய் மேல்முகத்தில்தான் கிளம்பும். நல்ல முகம் கீழே இருக்கட்டும். குதிரையின் கழுத்து வளைவுக்குக் குறுகிய பிளேடு, பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் பெண்டுலம் பூஜ்யத்தில். அடித்தட்டு பலகையில் ஒட்டியே நகர வேண்டும், தூக்கினால் மெஷின் உதறும். பலா கெட்டி மரம், அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேடு வளையும். மேலே கோட்டின்படி போனது போலிருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் வேறெங்கோ போயிருக்கும். அறுத்து முடித்ததும் பிளேடு முழுக்க நின்ற பிறகே வெளியே எடுக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆரம்பிக்காதே என்று இரண்டு முறை சொன்னேன்.

“லாக் பட்டனே இல்லாத மெஷின் கிடைக்குமாண்ணா?” என்றான். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத மெஷின்கள் உண்டு, ஆனால் விலை கூட. கடையிலேயே, பிளேடு மாட்டாமல், லாக்கைப் போட்டுப் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்க்கச் சொன்னேன்.

திருப்பத்தூரில் அப்படியே செய்து பார்த்திருக்கிறான். கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது, தானாக ஓடுகிற மெஷின்தான். வாங்கி வந்தவன் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து லாக் பட்டன் மேல் சிவப்பாகத் தடவி வைத்திருக்கிறான்.