சோடாவும் எண்ணெய்க் கிணறும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஊர் திருப்பருத்திக்குன்றம். வெயிலில் சமண கோவிலைப் பார்த்துவிட்டு வருகிறவர் ஒரு கோலி சோடா கேட்கிறார். கடைக்காரர் கோலியை அழுத்துகிறார். "புஸ்" என்று பொங்கி வழிகிறது சோடா!

அதை மேலே தள்ளியது எது? உள்ளே அடைபட்டிருந்த வாயு. பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெயையும் மேலே தள்ளுவது இப்படிப்பட்ட அழுத்தம்தான். அங்கே எண்ணெய் குளம்போல நிற்கவில்லை. பாறையின் நுண்ணிய துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அதில் வாயுவும் கரைந்திருக்கிறது.

எண்ணெயை எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால்? வாயு பிரிந்து, முந்திக்கொண்டு வெளியே ஓடிவிடும். எண்ணெய் கெட்டிப்பட்டுப் பாறையிலேயே தங்கிவிடும். பம்பு வைத்து இழுத்தாலும் முழுவதும் வராது.

சில இடங்களில் மனிதன் கை வைப்பதற்கு முன்பே அழுத்தம் குறைவாக இருப்பதும் உண்டு. மேல்மண் பல லட்சம் ஆண்டுகளாக அரித்துப் போயிருக்கும். பாரம் குறைந்த பாறை சற்றே விரிந்திருக்கும். அங்கே துளை போடுவது பெரும்பாடு! துளையில் ஊற்றும் சேற்றுக் குழம்பைப் பாறையே குடித்துவிடும்.

தரை இறங்கியது!

அமெரிக்காவில் லாங் பீச் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே எண்ணெயை உறிஞ்சியதில் அழுத்தம் குறைந்து, தரையே 29 அடி வரை இறங்கிவிட்டது! பூமிக்குள் ஏராளமாகத் தண்ணீரைச் செலுத்திய பிறகுதான் அது நின்றது.

நம் நாட்டுக் கதை என்ன? மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் 1974-ல் எண்ணெய் கிடைத்தது. "பம்பாய் ஹை" என்று பெயர். 1976-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அழுத்தத்தைக் காப்பாற்றக் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கியதோ 1984-ல்!

எட்டு ஆண்டுத் தாமதம். 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறிய நேரம், அவசரம் புரிகிறது. ஆனாலும் அது சரியல்ல. எண்ணெய் எப்படிச் செல்வமோ, அதைத் தள்ளும் அழுத்தமும் அப்படியே செல்வம். புதிதாக எண்ணெய் கிடைக்கும் இடங்களில், முதல் கிணறு ஓடும்போதே தண்ணீர் செலுத்தும் ஏற்பாடும் தயாராக இருக்கவேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டுமே! பாறையில் சிக்கிய எண்ணெயைப் பிறகு மீட்பதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

1990-களின் தொடக்கத்தில் பம்பாய் ஹை உற்பத்தி சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்த 2000-க்குப் பிறகு கோடி கோடியாகப் பணம் கொட்டவேண்டி வந்தது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் இன்றும் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. காஞ்சிப் பட்டு ஏறிப்போகும் லாரியின் வாடகையிலும் அந்த விலை சேர்ந்திருக்கிறது.