பிள்ளைக்கு மட்டும் சீனி இல்லாத தேத்தண்ணியா?

போன மாசம் தெரணியகலைக்கு, வீட்டுக்குப் போயிருந்தேன். அவிசாவளையில் பஸ் மாறும்போது வழக்கம்போல ஒரு பிஸ்கட் பெட்டியும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலும் வாங்கிக்கொண்டேன். கொழும்பில் வேலை செய்யும் நம்மில் பலருக்கு இது ஒரு சடங்கு மாதிரி. வெறுங்கையோட லயத்துக்குள்ள போக மனசு வராது.

எப்பவும் ரோட்டுக்கே ஓடி வரும் அக்கா மகன் அன்றைக்கு வரவில்லை. தரம் 7 படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் எடை, உயரம் பார்த்துவிட்டு, எடை கூட, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று துண்டு கொடுத்திருக்கிறார்கள். அன்றையிலிருந்து வீட்டில் அவனுக்கு மட்டும் தனிச் சட்டம். எல்லாருக்கும் சீனி போட்ட தேத்தண்ணி, அவனுக்கு வெறும் சாயம். எல்லாருக்கும் மூணு ரொட்டி, அவனுக்கு ஒண்ணு. "போதும்டா குண்டா" என்று தங்கச்சி கூடச் சொல்கிறாள். நான் கொண்டுபோன போத்தலைத் திறந்ததும் அவன் ஒண்ணும் பேசாமல் எழும்பி இஸ்தோப்புக்குப் போய்விட்டான். கிளாஸ் என் கையில் இருந்தது.

அவன் நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று வீட்டில் எல்லாருமே நம்புகிறார்கள். ஆனால் இது வைத்தியம் இல்லை, தண்டனை. எடை கூடிய பிள்ளையைத் தனியாகத் திருத்த முடியாது. அவன் சாப்பிடுகிற சட்டி, தூங்குகிற அறை, பார்க்கிற டிவி எல்லாம் குடும்பத்துடையது. மாறுவதென்றால் குடும்பமே மாறவேண்டும்.

இது என் சொந்த யோசனை இல்லை. லெனார்ட் எப்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 6 முதல் 12 வயது வரையான, எடை கூடிய பிள்ளைகளின் குடும்பங்களை எடுத்து, சில குடும்பங்களில் பிள்ளையின் பழக்கத்தை மட்டும் மாற்றப் பார்த்தார். சிலவற்றில் பெற்றோரின் பழக்கத்தையும் சேர்த்து. 10 வருஷம் கழித்துப் பார்த்த முடிவு 1990-ல் வெளியானது. பெற்றோரும் சேர்ந்து மாறிய வீட்டுப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

சரி, அமெரிக்கக் கதை நம்ம லயத்துக்குப் பொருந்துமா? நம்ம கதை கொஞ்சம் வேறதான். தோட்டத்தில் பிள்ளை மெலிவதுதான் காலங்காலமான பயம். 2016 குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 31.7 வீதம். கிளினிக் அட்டையில் கோடு கீழே இறங்கினால் மிட்வைஃப் ஏசுவார், திரிபோஷா பக்கட் தருவார். அப்படி வளர்ந்த ஊரில் ஒரு பிள்ளை கன்னம் உப்பி இருந்தால் அது வெற்றி. "நல்லா இருக்கான், கண்ணு வச்சிடாதீங்க" என்றுதான் எங்கள் அப்பாயி இன்னமும் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மெலிவும் பருமனும் எதிரெதிர் இல்லை. பிறக்கும்போது எடை குறைந்த பிள்ளைக்குப் பின்னாளில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூட என்று டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து மருத்துவர் காட்டினார். பூனாவில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் கண்டதும் அதையொட்டியதுதான்: சின்னதாகப் பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடம்பில் தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்தளவுக்குக் குறையவில்லை. அதனால் சின்னதாய்ப் பிறந்து, பிறகு மாவும் சீனியுமாக எடை ஏறும் தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

சீனிக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். மொத்தக் கலோரியில் சேர்த்த சீனி 10 வீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம், அதாவது சுமார் 10 தேக்கரண்டி. நம்ம வீட்டில் நாளுக்கு 4 தேத்தண்ணி, ஒன்றுக்கு 2 கரண்டி. அதிலேயே 8 போய்விட்டது. இனி நான் கொண்டுபோன போத்தல். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றால் முழுப் போத்தலில் 150 கிராம் சீனி. 2016-லிருந்து நம்ம நாட்டில் போத்தலில் நிறக் குறி போடவேண்டும். ஆனால் 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு. 10 கிராம் செம்மஞ்சள்தான். செம்மஞ்சளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, நானும் பயப்படவில்லை.

இங்கே ஒரு நியாயமான கோபம் வரும். "காலையில பெரட்டுக்கு ஓடி, மலையில நின்னு, பால் வெட்டி, பின்னேரம் வந்து அடுப்பு மூட்டுற பொம்பளைகிட்ட வாழ்க்கை முறைய மாத்துன்னு சொல்றியா?" கேள்வி சரிதான். 2024-ல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அதில் தினமும் முட்டையும் மீனும் பழமும் வாங்க ஏலாது. ரொட்டியும் சம்பலும்தான் வயிற்றை நிரப்பும். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அன்றைய பேர் போய்விடும். சம்பளமும் விளையாட இடமும் கேட்க வேண்டியது தோட்டத்திடமும் அரசாங்கத்திடமும். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் குடும்பம் என்றதும் ஏன் அம்மாவை மட்டும் நினைக்கிறோம்? மாமா, சித்தப்பா, கொழும்பில் இருக்கிற அக்கா, போனை நோண்டிக்கொண்டிருக்கிற அண்ணன், இவர்களெல்லாம் யார்? குடும்பமாக மாறுவது என்ற பேரில் எல்லாவற்றையும் ஒரு பெண்ணின் தலையில் கட்டுவதுதான் நடக்கிறது. அதில் பாதியையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

லயத்தில் இது ஒரு விதத்தில் சுலபம். ஒரே அறை, ஒரே அடுப்பு. டிவியை நிப்பாட்டினால் எல்லாருக்கும் நிப்பாட்டும். 11 மணி வரை நாடகம் ஓடினால் பிள்ளையும் முழித்துக்கொண்டுதான் இருப்பான். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எடை கூடுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தேத்தண்ணிச் சீனியை 2 கரண்டியிலிருந்து ஒன்றாக்கினால் காசு செலவில்லை, மிச்சம்தான். அதையும் எல்லாருக்கும் குறைக்கவேண்டும், அப்பாயிக்கும் சேர்த்து. ஈரப்பலாவும் பலாக்காயும் வல்லாரையும் நம்ம பக்கத்தில் இல்லாததா? பிள்ளைக்கு நாளுக்கு 60 நிமிஷம் ஓடியாடவேண்டும் என்கிறார்கள். கிரவுண்ட் இல்லாவிட்டாலும் ரோட்டோரமாகக் கூட நடந்துபோக ஒரு பெரிய ஆள் வந்தால் போதும்.

ஒன்று முக்கியம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு எடை குறையவே தேவையில்லை, உயரம் கூடும்வரை அப்படியே நின்றால் போதும். எது சரி என்று கிளினிக்கில் கேளுங்கள். அப்புறம், அந்தக் "குண்டன்" என்ற பெயரை இன்றைக்கே நிப்பாட்டுங்கள். கிண்டல் பண்ணி யாரும் மெலிந்ததில்லை. ஒளிச்சுத் தின்னப் பழகுவதுதான் நடக்கும்.

அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் பேசினேன். "சரி, எல்லாருக்கும் ஒரு கரண்டி. ஒங்க மச்சான்தான் கத்துவாரு" என்றார். மச்சான் கத்தத்தான் செய்தார். இன்னமும் கத்துகிறாராம், ஆனால் குடிக்கிறாராம். மருமகனைப் பற்றிக் கேட்டேன். எடை அப்படியேதான் இருக்கிறது. சாப்பிடும்போது மட்டும் எல்லாரோடும் உட்காருகிறான்.

அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அவிசாவளையில் ஒரு டென்னிஸ் பந்து வாங்கப் போகிறேன். பந்து போட ஆள் வேண்டும் என்பதால் ஒரு நாள் கூட லீவும் கேட்டிருக்கிறேன். நீங்கள் என்ன கொண்டுபோகப் போகிறீர்கள்?