ஏழை இளைஞனுக்கு எந்தத் துவக்கு?

களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி செல்வர்தம் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலுமில்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டியிற் கலந்துகொண்ட தமிழரான பிருதிவிராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தில் வந்தவர். அவர்தம் திறமையைப் போற்றுவோம். ஆயினும், அரண்மனை இல்லாதவன் பிள்ளைக்கும் கண்ணும் கையும் உண்டன்றோ? இரத்மலானையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் இளைஞருக்குக் குறைந்த செலவில் ஏற்ற முதல் துவக்கு எது? கேள்வி சிறிது, விடை சிறிதன்று.

வயற்காவலுக்கான ஒற்றைக்குழல் துவக்கு இப்போட்டிக்கு உதவாது. ‘ட்ராப்’ தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரு வெடி வைக்கலாம். ‘ஸ்கீட்’ போட்டியின் சில நிலைகளில் இரு தட்டுகள் ஒருங்கே பறக்கும். ஆகவே, ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த 12 போர் துவக்கே வேண்டும். அது புதியதாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. குழலில் நெளிவின்றி, பூட்டில் ஆட்டமின்றி, கட்டை தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துமாயின் பழையதே போதும். சித்திர வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் ஒரு தட்டையும் உடைக்காது.

துவக்கின் விலையினும் தோட்டாவின் கணக்கே பெரிது. 125 தட்டுகள் கொண்ட ‘ட்ராப்’ தகுதிச் சுற்றுக்கு 250 தோட்டாக்கள் வரை செலவாகலாம். துவக்கை ஒருமுறை வாங்குகிறோம். தோட்டாவைப் பயிலும் நாளெல்லாம் வாங்குகிறோம். கையிலுள்ள பணம் முழுவதையும் துவக்கிற் கொட்டியவன், அதைத் துடைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின் இந்நாட்டுத் தமிழ் இளைஞர் பட்டது உலகறியும். அவன் கையில் துவக்கைக் கண்டால், காவலர் கண்ணுக்கு விளையாட்டு வீரன் தெரிவானா? பெற்றோரை வாட்டும் ஐயம் இதுவே.

“அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா?” எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும், கண்டிப்பாக வேண்டும். 1971 ஏப்பிரலில் கிளர்ச்சி செய்தோர் கிராமத்து வீடுகளிலிருந்த துவக்குகளைப் பறித்துச் சென்றதை நாடு மறக்கவில்லை. வீட்டிலிருக்கும் துவக்கு வீட்டாருக்கே வினையாகலாம்.

ஆகவே நாம் சொல்வது இது: ஏழை இளைஞனின் முதல் துவக்கு அவனுடையதாக இருக்க வேண்டியதில்லை. விளையாட்டு அமைச்சு, கழகங்களின் பெயரில் அனுமதி பெற்ற பொதுத் துவக்குகளைக் காவலுள்ள கிடங்கில் வைத்துப் பயிற்சி அளிக்கட்டும். தேர்ச்சி பெற்றவன் பின்னர் சொந்தத் துவக்குக்கு விண்ணப்பிக்கட்டும். அவ்விண்ணப்பம் தமிழில் ஏற்கப்படல் வேண்டும். 1987-இல் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது அலங்காரத்துக்கன்று. மறுப்பதாயின் காரணத்தை எழுத்திற் தரல் வேண்டும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரைக்கு வேறென்ன பொருள்?

1983 யூலையில் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாய்க் கிடந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பழிதீர்க்கும் கருவி கேட்கவில்லை. ஏனைய குடிமக்களோடு ஒரே வரிசையில் நின்று குறிபார்க்கும் உரிமையையே கேட்கின்றனர். அதனையும் மறுக்கும் அரசு, எந்த வாயால் நாட்டின் ஒற்றுமை பேசும்?