பத்து நாளில் ஆறு நாடு... நடுவில் ஒரு கிராமம் வேண்டாமா?

சிவகாசி, விருதுநகர் பக்கம் ஊரே மூச்சு விடுகிற நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும் சில வாரங்கள். அப்புறம் பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல். சித்திரைப் பொங்கலை ஒட்டியே பள்ளிக்கூட லீவும் வந்துவிடும். வசதி உள்ள குடும்பங்கள் பெட்டி கட்டுவது அப்போதுதான். ஒரு காலத்தில் குற்றாலம், கொடைக்கானல். பிறகு சிங்கப்பூர், மலேசியா. இப்போது ஐரோப்பா.

ஐரோப்பா என்றதும் ஒரு பட்டியல் கையில் வரும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், டிட்லிஸ் பனிமலை, வெனிஸ், ரோம். விடிகாலையில் பெட்டியை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். எட்டு மணிக்கு பஸ். ஐபல் கோபுரத்தின் முன்னால் ஒரு போட்டோ, பைசா கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு போட்டோ. திரும்பி வந்த பிள்ளையிடம் "எந்த ஊர் பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டோக்களைப் புரட்டிவிட்டுத்தான் பதில் சொல்லும்!

இந்தப் பட்டியலில் இரண்டு நகரங்களை வெட்டிவிட்டு, மிச்சமாகும் மூன்று ராத்திரியை ஒரு கிராமத்துக்குக் கொடுக்க வேண்டும். யார் போனாலும் இது நல்ல யோசனைதான். ஆனால் பட்டாசு ஊர்க் குடும்பங்களுக்கு இது கட்டாயம் தேவை.

ஏன் அப்படி? கொஞ்சம் பின்னால் போவோம்.

சிவகாசி தொழில் நகரமானதற்கு முதல் காரணம் மண். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தா போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது. விவசாயம் கைவிட்ட கிராமத்து ஜனங்கள்தான் இந்த மூன்று தொழிலுக்கும் கை கொடுத்தார்கள். இன்றைக்கும் பட்டாசு ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கிராமங்களை ஒட்டித்தான் இருக்கின்றன. வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வேன் வேனாகப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள்.

ஆனால் டவுனில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கிராமம் என்றால் என்ன? கார் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற வேலிக்கருவை. அவ்வளவுதான். நாளைக்கு ஆலையையோ அச்சகத்தையோ நடத்தப் போவது இந்தப் பிள்ளைகள்தான். தன்னிடம் வேலைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்ட ஊரில் இருந்து, எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று ஒரு நாளாவது யோசிக்க வேண்டாமா? டவுனில் இருந்து பாரிஸ், பாரிஸில் இருந்து ரோம் என்று ஓடினால் அந்த யோசனை வருமா?

சரி, எந்தக் கிராமம்? உதாரணத்துக்கு ஒன்று. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் பாக்கராக் என்று ஒரு சின்ன ஊர். கிராமம் என்பதைவிடப் பெரியது, டவுன் என்பதைவிடச் சின்னது. பாரிஸில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து மைன்ஸ் வழியாகப் போக வேண்டும். மைன்ஸ் என்பது 15-ஆம் நூற்றாண்டில் குட்டன்பர்க் அச்செழுத்து கோத்து பைபிள் அச்சடித்த ஊர். காலண்டரும் டைரியும் அச்சடித்துப் பிழைக்கிற ஊர்க்காரர்கள் அந்த மண்ணில் இறங்காமல் போகலாமா? அச்சு இயந்திரக் கண்காட்சியான ட்ரூபாவுக்காக டூசெல்டார்ஃப் போகும் சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தப் பாதை இன்னும் பக்கம். 2024-ல் நடந்தது, அடுத்தது 2028-ல்.

அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 65 கிலோமீட்டர் நீளத்தை யுனெஸ்கோ 2002-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றுக்குக் குன்று கோட்டை. பாக்கராக்குக்கு மேலே உள்ள கோட்டையே இளைஞர் விடுதியாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கோட்டையைவிட அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களைத்தான். ஏணி போலச் செங்குத்தான சரிவு. டிராக்டர் ஏறாது. கையால்தான் வேலை. அதனால் ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். நூறு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிடத் தோட்டங்கள் வெகுவாகக் குறைந்து, பல சரிவுகள் புதர் மண்டிவிட்டன. புதர் மண்டிய நிலம்... கேட்ட மாதிரி இருக்கிறதா? கரிசல் காட்டிலும் இதே கதைதானே! பணக்கார நாட்டிலும் விவசாயியின் பிள்ளை காட்டை விட்டுப் போகிறான் என்பதை ஒரு பிள்ளை நேரில் பார்த்தால், நம் கிராமத்து ஆட்களை "படிக்காததால் கூலிக்கு வந்தவர்கள்" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாது.

இன்னொரு சுவாரசியம். அந்த நதிக்கரை ஊர்கள் மே முதல் செப்டம்பர் வரை சில சனிக்கிழமை இரவுகளில் வாணவேடிக்கை நடத்துகின்றன. 'எரியும் ரைன்' என்கிற அர்த்தத்தில் அதற்குப் பெயர். கப்பல்கள் வரிசையாக வர, ஜனங்கள் கரையிலும் கப்பலிலும் நின்று பார்க்கிறார்கள். ஜெர்மனியில் ராக்கெட், வெடி போன்றவற்றைப் பொதுமக்கள் வாங்க முடிவது டிசம்பர் கடைசி மூன்று நாட்கள்தான். ஆனாலும் பயிற்சி பெற்றவர்களை வைத்து ஊர் கூடி வெடிப்பதை விடவில்லை. நம் நாட்டில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று கட்டுப்படுத்தியதில் இருந்து சிவகாசி கவலையில் இருக்கிறது. ஊர் சேர்ந்து நடத்தும் வேடிக்கைக்குச் சரக்கு கொடுப்பது ஒரு வழியாகுமா என்று யோசிக்க, இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? தேதி வருடத்துக்கு வருடம் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கிராமம் என்றால் கஷ்டமும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

சாப்பாடு முதல் பிரச்சினை. ஹோட்டலை விட்டுவிட்டு, சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் பாதிக் கவலை தீரும். அரிசி, பொடி வகை, சாத்தூர் காராச்சேவு எடுத்துப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் கூடாது. வெளியில் இருந்து பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. பாலும் தயிரும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

ஆச்சிக்கு முழங்கால் வலி என்றால் கல் பாவிய தெருவும் படியும் சிரமம். தரைத்தள வீடாகக் கேட்டு வாங்க வேண்டும். நதியின் இரண்டு கரையிலும் ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில் ஓடும். தண்டவாளம் பக்கத்து அறை வேண்டாம். விசாவிலும் கவனம் தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். மூன்று ராத்திரி கூடினால் அந்தக் கணக்கே மாறலாம். ஆகவே கிராமத்தை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

"டூர் பஸ்ஸிலேயே பிளாக் ஃபாரஸ்ட் கிராமம் வருகிறதே" என்பார்கள். வரும். குயில் கடிகாரக் கடையில் கொஞ்ச நேரம், கேக் ஒன்று, மறுபடி பஸ். அது கடை. கிராமம் என்றால் சாயங்காலம் பஸ் எல்லாம் போன பிறகும் அங்கே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி வரும், அதுதான் சரியான கேள்வி. "கிராமத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழித்து ஐரோப்பா போகணுமா? வெம்பக்கோட்டை பஸ் ஏறினால் போதாதா?"

போதும். தாராளமாகப் போதும். ஆனால் எத்தனை பேர் ஏறுகிறோம்? தினம் பார்க்கிற ஊர் கண்ணில் படாது. அதேமாதிரி ஓர் ஊரைத் தூரத்தில் பார்த்தால் சட்டென்று தெரியும். எப்படியும் ஐரோப்பா போகத்தான் போகிறீர்கள். அங்கே ஒரு கிராமத்தில் மூன்று ராத்திரி இருங்கள். ஊர் திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஆலைக்கு வேன் புறப்படுகிற ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்வாருங்கள். அங்கே பிள்ளை என்ன கேள்வி கேட்கிறது என்று கவனியுங்கள். செலவழித்த பணம் வீணா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.